பாதியில் நின்ற ஸ்பிட்ஃபயர்: வாங்கலாமா, விட்டுடலாமா?

1961-ல் லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனியைக் கையில் எடுத்தது. கோவென்ட்ரி தொழிற்சாலையில் என்னென்ன இருக்கு என்று கணக்கெடுக்கப் போனவர்கள், ஒரு மூலையில் துணி போர்த்தி நின்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்தார்கள். இத்தாலிய டிசைனர் ஜியோவானி மிக்கேலோட்டி வடிவமைத்த மாதிரி வண்டி அது. காசு தட்டுப்பாட்டில் கம்பெனி அதை அப்படியே ஓரம் கட்டியிருந்தது. லேலண்ட் ஆட்கள் சரி என்றார்கள். 1962-ல் அது டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பெயரில் வெளியே வந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது.

ஆக, ஸ்பிட்ஃபயரே பாதியில் நின்ற ஒரு ப்ராஜெக்ட்தான். வாங்கினவங்க போர்வையைத் தூக்கிப் பார்த்து, முடிக்கலாம்னு கணக்குப் போட்டு, முடிச்சாங்க.

இன்றைக்கும் பிரிட்டனில் போர்வைக்கு அடியில் ஸ்பிட்ஃபயர்கள் நிற்கின்றன. யாரோ ஆசையாக வாங்கி, பிரித்துப் போட்டு, பாதி வெல்டிங் செய்து, மீதியை அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்தவை. விற்கும்போது எல்லாரும் ஏறத்தாழ ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "கஷ்டமான வேலை எல்லாம் முடிஞ்சாச்சு, இனி மாட்டுறதுதான் பாக்கி." இந்த வசனத்தை ஒரு எஞ்சினியர் எப்படிப் படிக்கணும் என்பதுதான் இந்தப் பாடம். கார் வாங்கப் போகாதவர்களுக்கும் கடைசியில் வேலை இருக்கு, அதனால் பாதியில் போயிடாதீங்க.

ஏன் ஸ்பிட்ஃபயர்?

கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்களில் இது எளிமையானது. முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னோக்கிக் கவிழும், எஞ்சின் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பாகங்கள் இன்னமும் புதிதாகக் கிடைக்கின்றன. கிளப்புகள் நிறைய.

நமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், எஞ்சின் குடும்பத்தை வைத்துத்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். உங்க தாத்தா ஹெரால்டு ஓட்டியிருந்தால், அவர் ஸ்பிட்ஃபயரின் பெரியப்பா வீட்டு வண்டியை ஓட்டியிருக்கார்.

முதல் கேள்வி: எந்த இடத்தில் நின்றது?

எல்லாரும் "எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்பார்கள். அதை விட உபயோகமான கேள்வி, "எந்த இடத்தில் நின்றது?" காரணம், வேலை சும்மா நிற்காது. அடுத்த படி முந்தைய படியை விடக் கஷ்டமாக இருக்கும் இடத்தில்தான் நிற்கும்.

பிரித்துப் போட்டதோடு நின்றிருந்தால், துருவின் அளவைப் பார்த்து ஆள் பயந்திருக்கலாம். வெல்டிங் முடிந்து, பெயின்ட்டுக்கு முன்னால் நின்றிருந்தால், கதவு சரியாக மூடாமல் போயிருக்கலாம். பெயின்ட்டும் அடித்து, எஞ்சினும் உட்கார்ந்து, அதற்கப்புறம் நின்றிருந்தால் வயரிங்கிலோ ஆவணத்திலோ சிக்கல் இருக்கலாம். நிஜமாகவே குழந்தை பிறந்து, வீடு மாறி, உடம்பு முடியாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள், இல்லைன்னு சொல்லலை. ஆனால் விற்பவர் சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு, வண்டி சொல்லும் காரணத்தையும் கேளுங்க. இரண்டும் ஒத்துப் போச்சுன்னா நல்லது.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு பிரபலமான கட்டுரை எழுதினார். பிறகு 2001-ல் நோபல் பரிசும் பெற்றார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் நல்ல வண்டிகளும் சந்தையில் உரிய விலை பெறாமல் போகும் என்பது அதன் சாரம். பாதியில் நின்ற ப்ராஜெக்டில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு கை மாறி வந்த வண்டியாக இருந்தால், குறை என்னவென்று விற்பவருக்கே தெரியாது. அவர் பொய் சொல்லலை. அவரும் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு வண்டியை நாமே பிரித்தால், எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது நம்ம தலையிலும் போனிலும் இருக்கும். வேறொருவர் பிரித்தால் அந்த அறிவு அவரோடு போய்விடும். அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது போட்டோக்களும், பெயர் எழுதிய கவர்களும்தான். நட்டு போல்ட்டை ஒரே வாளியில் கொட்டி வைத்திருந்தால், விலையைக் குறைக்க அதுவே முதல் காரணம்.

'சேசிஸ் இருக்கு, பயமில்லை' என்பது பாதி உண்மை

ஸ்பிட்ஃபயருக்குத் தனி சேசிஸ் உண்டு. அதைப் பார்த்ததும் நாம் என்ன நினைப்போம்? "பாரத்தை சேசிஸ் தாங்கிக்கும், பாடி சும்மா ஒரு சட்டை மாதிரி." இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

ஹெரால்டு சேசிஸில் பக்கவாட்டிலும் சட்டங்கள் ஓடும். ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் பகுதிதான் பிரதானம். பக்கவாட்டு விறைப்பைக் கொடுப்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவப் பகுதி. சில் பேனல் என்பார்கள். வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒரு வலுவூட்டும் தகடு என்று மூன்று அடுக்கு. போதாததற்கு, பின் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பிகளின் ஒரு முனை இந்த வண்டியில் சேசிஸில் மாட்டாது, சீட்டுக்குப் பின்னால் பாடியிலேயே மாட்டும். பாடி துருப்பிடித்தால் பின் சக்கரத்தின் திசையே கேள்விக்குறி.

இது கூரை இல்லாத வண்டி என்பதையும் சேர்த்துப் பாருங்க. இரண்டாம் வருஷம் படித்த பீம் கணக்குதான். இரு முனையிலும் தாங்கி நிற்கும் பீம் நடுவில் தொய்ந்தால் மேல்பக்கம் அமுங்கும், கீழ்பக்கம் விரியும். கதவு இருக்கும் இடம் அந்த பீமின் நடுவில் வெட்டிய பெரிய ஓட்டை. கதவு நிலையில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைத்து இறுக்காமல், பழைய சில் பேனலை அறுத்தால் பாடி தொய்யும். அந்தத் தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். அப்புறம் கதவு இடுக்கு மேலே குறுகி, கீழே அகன்று நிற்கும். பாடியை நடுவில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தால் இதற்கு நேர் எதிர்.

எனவே பார்க்கப் போகும்போது முதல் பத்து நிமிஷத்தில் செய்ய வேண்டியது:

ஒன்று, கதவுகள் மாட்டியிருக்கா? இல்லையென்றால் மாட்டிக் காட்டச் சொல்லுங்க. இடுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்கணும். "பிறகு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது பதில் இல்லை. கீல் வைத்துச் சரிசெய்ய முடிந்தது கொஞ்சம்தான்.

இரண்டு, சின்ன காந்தம், ஒரு தாளில் சுற்றியது. சில் பேனல், சக்கர வளைவு, தரை ஓரம் எல்லாவற்றிலும் வையுங்க. பிடிப்பு தளரும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கு. டிங்கரிங் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

மூன்று, கீழே படுத்துப் பாருங்க. தரையும் சில் பேனலும் சேரும் விளிம்பு தெளிவாகத் தெரியணும். விளிம்பே தெரியாமல் வழவழப்பாகக் கறுப்பு பூசியிருந்தால், பழைய துருவின் மேலேயே புதுத் தகடு போர்த்தியிருக்க வாய்ப்பு உண்டு.

இதில் ஒரு முரண் கவனிச்சீங்களா? துருவோடு தொடாமல் நிற்கும் வண்டியை விட, தப்பாக வெல்டிங் செய்து பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டி ஆபத்தானது. முதலாவதில் வேலை பாக்கி. இரண்டாவதில் செய்ததை அறுத்துவிட்டுத் திரும்பச் செய்யணும். அதாவது அது பூஜ்யத்துக்கும் கீழே நிற்குது.

பொருந்தினால் போதாது

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் குடும்பத்தில் பல பாகங்கள் ஒன்றில் இருந்து கழற்றினால் இன்னொன்றில் அழகாக உட்காரும். இது வரமும்தான், சாபமும்தான். பெட்டியில் இருக்கும் பாகம் வண்டியில் மாட்டுது என்பதாலேயே அது அந்த வண்டியுடையது ஆகிவிடாது.

டிஃபரன்ஷியலை எடுத்துக்குங்க. மார்க் 3-ல் விகிதம் 4.11. மார்க் 4-ல் 3.89. கடைசி 1500 மாடலில் 3.63. வெளியே பார்த்தால் தெரியாது. 1500 வண்டியில் யாரோ மார்க் 3-ன் டிஃபரன்ஷியலை மாட்டியிருந்தால், 4.11-ஐ 3.63-ஆல் வகுங்க: 1.13. அதே வேகத்தில் எஞ்சின் 13 சதவீதம் அதிகமாகச் சுற்றும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

கார்புரேட்டரும் ஒரு துப்பு. பிரிட்டிஷ் 1500-ல் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு இருக்கும். அமெரிக்காவுக்குப் போனதில் ஸ்ட்ராம்பெர்க் ஒன்றே ஒன்று, கம்ப்ரெஷனும் குறைவு, பவரும் குறைவு. பெட்டியில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் இருந்தால், எஞ்சின் அட்லாண்டிக் தாண்டிப் போய் வந்ததா என்று கேளுங்க. மின்சாரத்திலும் இதே கதை. ஆரம்ப மாடல்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணையும். பிறகு வந்தவற்றில் நெகட்டிவ். பாதி மாற்றி வைத்த வண்டியில் ஆல்டர்னேட்டரை அப்படியே இணைத்தால் டயோடுகள் ஒரு நொடியில் போயிடும்.

எஞ்சின்: ஒரே வீடு, பெரிசாகிக்கொண்டே போன குடும்பம்

இந்த எஞ்சின் குடும்பம் 1953-ல் 803 சிசியில் தொடங்கியது. பிறகு 948, 1147, 1296, கடைசியாக 1493. 1296-க்கும் 1493-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 73.7 மி.மீ. ஸ்ட்ரோக் மட்டும் 76-லிருந்து 87.5 மி.மீ. ஆச்சு. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் கடைசி வரை மூன்றே மூன்று.

சராசரி பிஸ்டன் வேகம் என்பது இரண்டு மடங்கு ஸ்ட்ரோக்கை நொடிக்கான சுற்றுகளால் பெருக்கினால் கிடைப்பது. நிமிஷத்துக்கு 6000 சுற்றில் 1296-க்கு நொடிக்கு 15.2 மீட்டர், 1493-க்கு 17.5 மீட்டர். அதே மூன்று பேரிங், கூடுதல் சுமை. 1500 எஞ்சினில் பேரிங் தேய்மானம் ஒரு தெரிந்த பலவீனம் ஆனது இதனால்தான்.

இன்னொரு சோதனை காசில்லாமல் செய்யலாம். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பவை அரைவட்ட வடிவ த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து கழன்று விழுந்தால், கிராங்க் நேராக பிளாக்கிலேயே உரசும். எஞ்சின் வண்டியில் இருந்தால், ஒருவர் கிளட்ச்சை மிதிக்கட்டும், நீங்க முன்பக்கப் புல்லியைப் பாருங்க. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புல்லி முன்னால் வந்தால் எச்சரிக்கை. எஞ்சின் தரையில் கிடந்தால் கம்பி வைத்து நெம்பிப் பாருங்க.

"எஞ்சின் ரீபில்ட் பண்ணியாச்சு" என்றால் பில் எங்கே என்று கேளுங்க. கிராங்க்கை எத்தனை அளவு கடைந்திருக்காங்க, 0.010 அங்குலமா, 0.030-ஆ? ஒவ்வொரு தடவை கடையும்போதும் அடுத்த தடவைக்கான இடம் குறையும். பில் இல்லாத ரீபில்டை, ரீபில்ட் செய்யாத எஞ்சினாகவே கணக்கில் எழுதுங்க.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு இடங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் காசு போகும் விஷயம். இனி சொல்வது வேறு.

முன் சக்கரத்தின் செங்குத்துத் தண்டு, கீழே ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையில் சுற்றி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் திரும்பும். அதற்கு கியர் ஆயில் விடணும். ஆயில் போகாமல் காய்ந்தால், ஈரம் புகுந்து உள்ளே எஃகுத் தண்டு துருப்பிடிக்கும், பிறகு மரை இருக்கும் இடத்தில் முறியும். முறிந்தால் சக்கரம் உள்ளே மடங்கும். ப்ராஜெக்ட் வண்டியில் இது வெளியே தெரியவே தெரியாது, ஏன்னா சஸ்பென்ஷன் முழுக்கப் புது கறுப்பு பெயின்ட் பளபளக்கும். கழற்றி, சுத்தம் செய்து, மரையைக் கண்ணால் பார்க்காதவரை அது நல்லதுன்னு நம்பாதீங்க.

இரண்டாவது, பின் சஸ்பென்ஷன். மார்க் 3 வரை பின்னால் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங், லாரியில் பார்ப்போமே அந்த மாதிரி. சக்கரம் ஏறி இறங்கும்போது அரை ஆக்ஸிலோடு சேர்ந்தே சாயும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டே சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிச் சக்கரம் உள்ளே மடங்கும், பிடிப்பு போகும். 1970-ல் மார்க் 4 வந்தபோது ஸ்பிரிங்கின் பெரும்பகுதியை நடுவில் ஊசலாட விட்டு இந்தக் குணத்தைப் பெருமளவு அடக்கினார்கள். பெட்டியில் இருக்கும் ஸ்பிரிங் பழையதா புதியதா என்று தெரியாமல் மார்க் 4-ல் பழையதை மாட்டினால், பொறியாளர்கள் துரத்திய பேயை நாமே திரும்ப அழைத்து வந்த கதை ஆகும்.

பிரிட்டனில் 2018 மே முதல், 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்ஃபயர் எல்லாமே 40 தாண்டியாச்சு. அதாவது ட்ரன்னியனை யாராவது பார்த்தே ஆகணும் என்று எந்தச் சட்டமும் வற்புறுத்தாது. பார்க்க வேண்டியவர் வாங்குபவர்தான். பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது என்பதை ஞாபகம் வச்சுக்குங்க.

காகிதம்

பிரிட்டனின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது பதிவுபெற்ற பராமரிப்பாளரின் பெயர். அது உரிமைக்கான சான்று இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். அதனால் விற்பனை ரசீது தனியாக வேணும். வண்டியில் இருக்கும் எண் தகடும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப் போகணும். எண் தகடு பெட்டியில் தனியாகக் கிடந்தால் யோசிங்க. இரண்டு வண்டியை ஒன்றாக்கிய கதையாக இருக்கலாம்.

காசுக் கணக்கு

ஓடும் நிலையில் நல்ல ஸ்பிட்ஃபயர் ஒன்றின் விலையை 100 என்று வைப்போம். இது கணக்குக்காக மட்டும். ப்ராஜெக்டை முடிக்கத் தேவையான பாகங்கள் 45, வெளியே கொடுத்துச் செய்யும் பெயின்ட், லேத் வேலை 40 என்று வருகிறது. 100-ல் 85 போக 15. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆனால் தெரியாத செலவுக்கு 30 சதவீதம் ஒதுக்கணும் இல்லையா? 85-ல் 30 சதவீதம் 25.5. இப்போ கணக்கு மைனஸ் 10.5. வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் நஷ்டம், நம்ம உழைப்புக்குக் கூலி போடாமலே.

விற்பவர் சொல்வார், "நான் இதுல 60 போட்டிருக்கேன்." அவர் மேல் மரியாதை இருக்கட்டும், ஆனால் அந்த 60 அவர் போட்டது. நம்ம கணக்கில் அதற்கு இடமே இல்லை. இனிமேல் ஆகப்போவது மட்டும்தான் கணக்கு.

அப்போ யாருமே வாங்கக் கூடாதா? வாங்கலாம். லாபத்துக்காக இல்லை என்று தெரிந்து வாங்கணும். கதவு இடுக்கு சரி, பாடி நேர், பாகங்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கு, போட்டோ இருக்கு, பில் இருக்கு, காகிதம் ஒத்துப் போகுது என்றால், பிரித்துக் கற்றுக்கொள்ள இதை விட நல்ல லேப் கிடையாது. இதில் பாடி கோணல், எண் குழப்பம் இரண்டில் ஒன்று இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வாங்க. மற்றதெல்லாம் விலை பேசித் தீர்க்கலாம், இந்த இரண்டையும் தீர்க்க முடியாது.

நம்ம லேபுக்கு வருவோம்

கார் வாங்காதவர்களுக்கு வேலை இருக்குன்னு சொன்னேனே, இதோ. ஒவ்வொரு ஜூலையிலும் நம்மில் பலர் சீனியர் விட்டுப்போன ப்ராஜெக்டை எடுக்கிறோம். பாதி வெல்டிங் ஆன பிரேம், ஓடாத கோடு, பெயரில்லாத வயர்கள். "எல்லாம் முடிஞ்சது தம்பி, ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி" என்பார் அண்ணன். கேள்விகள் அதேதான். எங்கே நின்றது? ஏன் நின்றது? ஏற்கெனவே செய்த வேலை நேராக இருக்கா, இல்லை அறுத்துவிட்டுத் தொடங்கணுமா? மாட்டியிருக்கும் பாகம் பொருந்துதா, இல்லை சரியானதா? அவர் செலவழித்த ஆறு மாசத்தை மறந்துட்டா, இனி எவ்வளவு ஆகும்?

அடுத்த ஏப்ரலில் நாமும் ஜூனியரிடம் ஒப்படைப்போம். எது முடியலை, எங்கே நின்றது, எதைத் தொட பயந்தோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, கூடவே போட்டோக்களையும் கவர்களில் பெயரையும் கொடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு ஒரு சாயங்கால வேலை. அந்தப் பசங்களுக்கு அது ஒரு செமஸ்டர்.